எங்கள் வீட்டில் விழுந்த பெண்கள்

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டர் டைரி போடச் சொல்லியிருக்கிறார். மயக்கம் வந்த தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எங்கே விழுந்தேன், எல்லாம் எழுத வேண்டுமாம். நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து பீரோவில் சும்மா கிடந்தது. அதில் இதுவரை எழுதியிருந்தது ஒரே வரி: "மேல்வீட்டில் நம் இட்லிச் சட்டியைத் திருப்பிக் கேட்க."

சரி, ஒழுங்காகவே எழுதுகிறேன்.

பெயர் வயலட். வயது ஐம்பத்தொன்று. ஊர் பாளையங்கோட்டை. மயங்கிய நாள் ஆகஸ்ட் 3, ஞாயிறு, பகல் பதினொன்றே முக்கால். கோயிலுக்குப் போய்விட்டு வந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் அக்கா மேபல் மதினி தூத்துக்குடியிலிருந்து போன் செய்தார். அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் அசனம், சபை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பண்டிகை. மதினி வருஷாவருஷம் ஒரு வாரம் முன்னாலேயே பரிவாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். இந்தத் தடவை பதினெட்டுப் பேர். அதில் நாலு பேருக்குச் சர்க்கரை, இரண்டு பேர் மீன் தொட மாட்டார்கள், ஒரு குழந்தைக்கு இடியாப்பம் மட்டும்தான் இறங்கும். "வாங்க மதினி" என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பை அணைத்தேன். ரசத்தை மூடினேன். கரண்டியைக் கழுவி மாட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். அதன்பிறகு கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிட்டேன்.

நல்லவேளையாக வெயிலில் காயவைத்து எடுத்த இலவம்பஞ்சு மெத்தை அங்கேதான் கிடந்தது. அடி எதுவும் இல்லை. கர்த்தர் காத்தார்.

வாத்தியார் ஓடி வந்தார். வாத்தியார் என்பது என் வீட்டுக்காரர் தனசிங். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பதற்றத்தில் தண்ணீர்ச் செம்பு என்று நினைத்து ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் முகத்தில் தெளிக்க வந்தார். அதற்குள் எனக்குத் தெளிந்துவிட்டது.

மதினி வரவில்லை என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்திருக்கும். வாத்தியார் விடாமல் இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். இசிஜி எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுத் தம்பி, அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதயம் ஒரு தடவ துடிச்சுட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகுற இடைவெளி உங்களுக்குக் கொஞ்சம் நீளமா இருக்கும்மா. எல்லைக்கோட்டுல நிக்குது. சில குடும்பத்துல பரம்பரையா வரும். அப்படி இருந்தா திடீர்னு மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். உங்க அம்மா வழியில பெண்கள் யாராவது மயங்கி விழுந்திருக்காங்களா?"

"கேட்டுத்தான் சொல்லணும்."

"அம்மா?"

"நாப்பத்தோரு வயசுல தவறிட்டாங்க. துவைகல்லுகிட்ட விழுந்து."

"வழுக்கியா, மயங்கியா?"

"வழுக்கித்தான்" என்றேன். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா விசாரிச்சுட்டு வாங்க. செப்டம்பர் மூணாம் தேதி முடிவு பண்ணலாம். குடும்பத்துல நெறைய பேருக்கு இருந்திருந்தா நெஞ்சுல ஒரு பேட்டரி வைக்கிறது நல்லது. மகளுக்கும் பாக்கணும். மாசமா இருக்காங்கன்னு சொன்னீங்க, பிரசவத்துக்கு முன்னாடி தெரிஞ்சாகணும்."

பேட்டரி. எனக்கு. ஒரு ரசம் வைத்ததற்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை இட்லி வாத்தியார் ஊற்றினார். தட்டிலிருந்து பெயர்க்கக் கடப்பாரை வேண்டியிருந்தது. மயக்கம் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

வாத்தியாருக்கு ஓய்வு பெற்ற பிறகு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பெரிய சார்ட் பேப்பர் வாங்கி வந்து கூடத்துச் சுவரில் ஒட்டி, என் அம்மா வழிப் பெண்களுக்கு ஒரு மரம் வரைந்துவிட்டார். பென்சிலில் வரைந்து, நிழல் கொடுத்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெண்ணுக்கு ஒரு வட்டம். மயங்கி விழுந்தவர்களுக்குச் சிவப்புப் பொட்டு வைப்பாராம். இப்போதைக்கு என் வட்டத்தில் மட்டும் ஒரு சிவப்பு. மரத்தில் ஒரு அணிலும் இருக்கிறது. அது எதற்கு என்று கேட்டேன். "கிளை வெறிச்சுன்னு இருந்துது" என்றார்.

பெர்சிஸ் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் வந்தாள். என் ஒரே மகள், ஐந்து மாதம். முகம் வாடியிருந்தது.

"அம்மா, எங்க டாக்டர் உங்க ரிப்போர்ட் வந்த பெறவுதான் எதுவும் சொல்ல முடியும்னுட்டாவ. நான் மாடிப்படி ஏறுறத நிறுத்திட்டேன். இடது பக்கம் படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கி. அது பாப்பாவா, அதுவான்னு தெரியல."

"ஒண்ணும் இருக்காது மக்கா" என்றேன். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. சமைத்தது வாத்தியார் என்பதால் மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று அசனம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக முதல் பந்தியில் உட்கார்ந்தேன். சோறு, கறிக்குழம்பு, ரசம். யாரோ சமைத்து யாரோ பரிமாறி நான் சாப்பிட்டேன். நோயாளி என்பதால் கறித்துண்டு கூடுதலாக விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்: சின்ன வெங்காயம், செம்பருத்திப் பூ, உபவாச ஜெபம். ஒருவர் நாட்டுக்கோழி என்றார், அவருக்குக் கோழிக்கடை இருக்கிறது.

பந்தி முடிந்ததும் வேட்டுப் போட்டார்கள். எனக்கு வேட்டுச் சத்தம் சின்ன வயசிலிருந்தே ஆகாது. நெஞ்சு இரண்டு அடி தவறி அடித்தது, காது அடைத்துக்கொண்டது, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறி அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. மயக்கம் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

சமாரியபுரத்துக்குப் போனோம். அம்மா பிறந்ததும் வாக்கப்பட்டதும் அதே ஊர்தான், தெரு மட்டும் வேறு. கோயிலில் நூறு வருஷத்து அடக்கப் பதிவேடு இருக்கிறது. யார், எந்த வயசில், என்ன காரணத்தால் இறந்தார் என்று கல்லறைக்குக் கொண்டுபோகுமுன் எழுதிவைக்கும் நோட்டு. சபை ஊழியர் ஜெபராஜ் தூசி தட்டி எடுத்துத் தந்தார்.

ஆண்களுக்குக் காரணம் எழுதியிருக்கிறார்கள், எப்படி எழுதியிருக்கிறார்கள். "மூலவியாதி, எட்டு மாதம் மிகுந்த உபத்திரவம்." "பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிவு." "வயிற்றில் கட்டி, மூன்று வைத்தியர் பார்த்தும் பயனில்லை." பெண்களுக்கு எல்லாம் ஒரே வரி: "கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்." என் பூட்டி வேதமுத்தம்மாள், எண்பத்து நாலு, நித்திரை. ஆச்சி அன்னபாய், எழுபத்தொன்பது, நித்திரை. ஆச்சியின் அக்கா ரெபேக்காள், தொண்ணூற்றொன்று, நித்திரை.

"என்னய்யா இது, ஒருத்திக்குக் கூட வியாதி இல்லயே" என்றேன்.

"அந்தக் காலத்துல நோட்டு எழுதுன உபதேசியார்மாருக்குப் பொம்பளையளோட வியாதிய எழுதக் கூச்சம்லாம்மா" என்றார் ஜெபராஜ்.

இந்த நோட்டை நம்பினால் சமாரியபுரத்துப் பெண்கள் அத்தனை பேரும் தூங்கியபடியே செத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்த காலத்தில் யாராவது தூங்க விட்டார்களா என்று எந்த உபதேசியாரும் எழுதவில்லை.

ஒரே ஒரு பெண்ணுக்குக் காரணம் இருந்தது. "ரஞ்சிதம், வயது 41, அசனத்தன்று கால் வழுக்கி விழுந்து." அம்மா. வாத்தியார் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தார். எனக்கு அப்போது பதினாலு வயசு. அன்று நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். வேறொன்றும் நினைவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சரியான கூட்டம். மயக்கம் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நோட்டில் இல்லாததை வாயில் பிடிக்கலாம் என்று வாத்தியார் என் பெரியம்மா மகன் கோல்டுவின் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அண்ணனுக்கு எழுபது வயசு. கேட்டதுதான் தாமதம்.

"மயக்கமா? நம்ம வீட்டுப் பொம்பளையளுக்கு அதுதான தொழிலு" என்றார்.

வாத்தியார் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு தயாரானார்.

வேதமுத்தம்மாள் பூட்டி வருஷாவருஷம் கருப்புக்கட்டி காய்ச்சத் தொடங்கும் முதல்நாள் விழுவாராம். வைக்கோல் போரில். அன்னபாய் ஆச்சி, நாத்தனார்மார் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து இறங்கும் நாளில் விழுவாராம். மாமியாரின் கட்டிலில். ரெபேக்காள் பெரியாச்சி பிஷப் வந்திருந்தபோது கோயிலிலேயே விழுந்தாராம். அது வெறுந்தரையாயிற்றே என்று கேட்டேன். இல்லையாம், ஊரிலேயே பருமனான எலிசபெத்து டீச்சர் மடியில் விழுந்தாராம். டீச்சருக்குத்தான் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. சொந்தத்தில் இன்னும் இரண்டு பேரையும் சொன்னார்.

"ஒங்க அம்மையும் அசனத்துக்கு அசனம் விழுவாளே" என்றார் அண்ணன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார்.

சார்ட்டில் இப்போது ஏழு சிவப்பு. மரத்துக்கு அம்மை போட்டது மாதிரி இருக்கிறது. வாத்தியார் தள்ளி நின்று பார்த்தார்.

"நாலு தலைமுறை வயலட். பேட்டரி வச்சே தீரணும். ஆனா ஒண்ணு கவனிச்சியா? ஒருத்தி கூட வெறுந்தரையில விழல. கர்த்தர் ஒங்க குடும்பத்துக்கு மட்டும் மெத்தை விரிச்சே வச்சிருக்காரு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வெங்காயம் உரிக்கப் போனேன். வீட்டில் வெங்காயம் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வாத்தியார் இந்த டைரியைப் படித்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக். ஆறாம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "நன்று. ஆனால் மயங்கும் முன் கண்ணாடியைக் கழற்றியது ஏன்? டாக்டர் கேட்பார்."

ஆகஸ்ட் 20, புதன்

டைரியை ஒளித்துவைக்க இடம் இல்லை. முன்பெல்லாம் எதை மறைக்க வேண்டுமென்றாலும் அரிசிப் பானைக்குள் போடுவேன், அவருக்கு அடுக்களை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. இப்போது அவர்தான் அங்கே குடியிருக்கிறார். கடைசியில் தையல் மிஷின் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

பெர்சிஸ் காலையில் மூன்று தடவை போன் செய்தாள். பேட்டரி வைத்துக்கொண்டு பிள்ளை பெறலாமா என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 23, சனி

தனியாக நாகர்கோவிலுக்குப் போய் வந்தேன். அம்மாவின் தங்கை தங்கபாய் சித்தி அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். எழுபத்தைந்து வயசு, நாக்குக்கு மட்டும் இருபது. டாக்டர் சொன்னதையும் ஏழு சிவப்புப் பொட்டையும் பேட்டரியையும் சொல்லி முடித்தேன். சித்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எந்தக் கூறுகெட்டவன்ட்டி இதையெல்லாம் டாக்டர்ட்ட சொல்லச் சொன்னது? நம்ம வீட்டுல வியாதியும் இல்ல, பேதியும் இல்ல. எல்லாம் வேலைக்குப் பயந்து விழுந்ததுட்டி."

நான் ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"முடியலன்னு சொன்னா எவன் கேட்டான்? காய்ச்சல்னா, கஷாயத்தக் குடிச்சிட்டு மாவ இடின்னான். விழுந்தாத்தான் ரெண்டு நாள் படுக்க விட்டான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால அம்மைமார் கதவச் சாத்திட்டு மெத்தையில விழப் பழக்குவாவ. அதுக்குச் சட்டமெல்லாம் உண்டு. வருசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல கூடாது. கையில பிள்ள இருந்தா கூடாது. அடுப்ப அணைக்காம கூடாது. ஆம்பிளையளுக்குச் சொல்லவே கூடாது."

"சித்தி" என்றேன். "நானும் அடுப்ப அணைச்சிட்டுத்தான் விழுந்தேன்."

சித்தி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு சித்தி சிரிக்கத் தொடங்கினார். பல்செட் கழன்று மடியில் விழுந்தது, அதை எடுத்துப் போட்டுக்கொண்டும் சிரித்தார்.

"சொல்லிக்குடுக்காமலே ஒனக்கு வந்துட்டு பாரு. ஏட்டி, கட்டவெரல மடக்குனியா?"

"அது என்னது?"

"போச்சு போ. அதுல்லா முக்கியம்ட்டி. பொய்யா விழுந்தா கட்டவெரல உள்ள வச்சுக் கைய மூடிக்கிடணும். நம்ம வீட்டுப் பொம்பள எவ வந்து பாத்தாலும் தெரிஞ்சிரும். வெரல் மடங்கியிருந்தா, விசிறிக்கிட்டே 'ஐயோ மோசமா இருக்கே, மூணு நாளைக்கு அசையப்படாது'ன்னு சேத்துச் சொல்லணும். வெரல் விரிஞ்சி கெடந்தா ஆளக் கூப்புட்டு ஓடணும்."

"அம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

சித்தி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு நான் கோயில்ல தேங்கா துருவிக்கிட்டு இருந்தேன். வேட்டுப் போட்ட ஒடனே ரஞ்சிதம் விழுந்துட்டான்னு யாரோ சொன்னாவ. ஒங்கப்பாவப் பெத்தவ, 'அசனம்னா அவ விழத்தான் செய்வா, கெடக்கட்டும், எந்திப்பா'ன்னு சொல்லிட்டா. நான் துருவி முடிச்சு, கையக் கழுவிட்டு, மெதுவாத்தான் வந்தேன். வந்து வெரலப் பாத்தேன்." சித்தி தன் கையை மடியில் விரித்து வைத்துக் காட்டினார். "இப்படிக் கெடந்துது. கல்லுல அடியும் கெடையாது, ரத்தமும் கெடையாது. வழுக்கி விழுந்துட்டான்னு நான்தான் சொன்னேன். அவளக் கெடக்கப் போட்டுட்டுச் சும்மா இருந்தோம்னு எப்படிச் சொல்ல? அதுக்குப் பெறவு எனக்கு இந்த வித்தைய யாருக்கும் சொல்லிக்குடுக்க மனசு வரல."

வரும்போது சித்தி ஒரு பை நேந்திரங்காய் வற்றல் கொடுத்தார். பஸ்ஸில் முழுவதையும் தின்றேன். என்ன தின்கிறேன் என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. சித்தியிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அம்மா அசனத்துக்கு அசனம் விழுவாள், எப்போதும் ஏதாவது மெத்தையிலோ சாக்கிலோதான். விழுந்ததும் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து நான் எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது விளையாட்டு. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று சித்தி நினைக்கிறார். நான் பார்த்துப் பார்த்தே படித்துவிட்டேன்.

அன்று குடத்தோடு அந்த வழியாக வந்தது நான்தான். துவைகல் பக்கத்தில் அம்மா கிடந்தாள். கண்ணைத் திறப்பாள் என்று நின்றேன். திறக்கவில்லை. இன்றைக்கு ரொம்ப நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே தாண்டிப் போனேன். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடியும் ஒரு நடை போய் வந்தேன்.

அங்கே மெத்தை இல்லை. அதைப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தேழு வருஷமாக வழுக்கித்தான் விழுந்தாள் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வழுக்கி அப்போதே உயிர் போய்விட்டது என்றால் நான் தாண்டிப் போனதில் ஒன்றுமில்லை என்பதால்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டைரியை நானே வாத்தியார் கையில் கொடுத்தேன். "டிக் போடாம படிங்க" என்றேன்.

படித்தார். ரொம்ப நேரம் படித்தார். குக்கர் ஏழு விசில் அடித்தது, பருப்பு கூழாகிவிட்டது. பிறகு வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு சார்ட்டுக்கு முன்னால் போய் நின்றார். சிவப்பை ஒவ்வொன்றாக அழித்துப் பச்சை வைத்தார். வேதமுத்தம்மாள் பச்சை, அன்னபாய் பச்சை, ரெபேக்காள் பச்சை, நான் பச்சை. அம்மாவின் வட்டம் மட்டும் சிவப்பாகவே நின்றது.

"இதத்தான் டாக்டர்ட்ட கொண்டு போகணும்" என்றார். வண்ணப்பெட்டியை மூடிவிட்டு, "அக்காவ வர வேண்டாம்னு நீ சொல்லியிருந்தா போதும்லா?" என்றார்.

"இருபத்தெட்டு வருசமா ஒங்கட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். விழுந்த பெறவுதான் ஒங்களுக்குக் காது கேட்டுது."

அவர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் மூணு வாரமா ரசம் வச்சது?"

"அதுவும் உண்மையான ரசம் இல்ல. சரிக்குச் சரியாப் போச்சு."

சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. "நீ பதினாலு வயசுப் பிள்ளை வயலட்" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

செப்டம்பர் 3, புதன்

டாக்டரிடம் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனோம். வாத்தியார் அதை மேஜையில் விரித்து, ஸ்டெதஸ்கோப்பையும் பேப்பர் வெயிட்டையும் எடுத்து மூலைகளில் வைத்துவிட்டார். நான் முதலில் என் பொய்யைச் சொன்னேன். டாக்டர் வாயைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. எலிசபெத்து டீச்சர் மடி வந்தபோது வெளியே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

பிறகு அம்மாவைச் சொன்னேன். வேட்டுச் சத்தம், உடனே விழுந்தது, அடி இல்லை, ரத்தம் இல்லை, விரிந்த விரல். அவர் சிரிப்பை விட்டுவிட்டார். "உங்களுக்கு வேட்டுச் சத்தம் கேட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பத்தாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"கறியால இல்லம்மா அது" என்றார். "திடீர்ச் சத்தத்துல இது வரும். அம்மாவுக்கும் அதுவாத்தான் இருந்திருக்கும். நாலு தலைமுறைன்னு வந்திருந்தா நான் பேட்டரிக்கு எழுதியிருப்பேன். இப்ப மாத்திரை போதும். தினமும் போடணும், விடக் கூடாது. நீங்க பொய்யா விழலைன்னா இந்த இசிஜியே எடுத்திருக்க மாட்டாங்க."

"அப்ப அது தப்பில்லியா டாக்டர்?"

"மறுபடி விழாதீங்க" என்றார். பிறகு அந்த அணில் எதற்கு என்று கேட்டார்.

செப்டம்பர் 13, சனி

பெர்சிஸுக்கு இசிஜி எடுத்தாயிற்று. என்னுடையதைப் போலவே அவளுக்கும் இடைவெளி கொஞ்சம் நீளம். மாத்திரை தொடங்கிவிட்டார்கள். பிரசவத்தின்போது இதய டாக்டர் கூடவே இருப்பாராம். நான் பயந்ததில் பாதிகூட அவள் பயப்படவில்லை. "பேரு தெரிஞ்சிட்டுல்லாம்மா, இனிமே என்ன" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் குடத்தையும். பிறகு வீடியோவிலேயே கட்டைவிரல் பாடம் நடத்தினேன். மாப்பிள்ளை ஜோயலையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வாத்தியாரும் வந்தார். ஆம்பிளைகளுக்குச் சொல்லக் கூடாது என்று சித்தி சட்டம் வைத்திருந்தார், அந்தச் சட்டத்தை நான் எடுத்துவிட்டேன். விழுந்தால் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்குத் தெரிய வேண்டும்.

சாயங்காலம் மேபல் மதினி ஒற்றை ஆளாக, ஒரு பெட்டி மக்ரூனோடு வந்து நின்றார். தம்பிக்காரர் போனில் உளறியிருக்கிறார். இன்றைக்குச் செத்தோம் என்று நினைத்தேன். மதினி என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"எப்படி விழணும்னு எனக்கும் காட்டு."

"மதினி?"

"நாப்பது வருசமா எதுக்குட்டி எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா அலையுதேன்? வீட்டுல இருந்தா பதினெட்டுப் பேருக்கும் நான்லா பொங்கணும்."

மெத்தையை விரித்தேன். மதினி ஆகிருதியானவர். முதல் தடவை விழுந்தபோது சுவரிலிருந்த கல்யாணப் போட்டோ விழுந்தது. இரண்டாம் தடவை கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். இரண்டு தடவையும் கட்டைவிரலை மடக்க மறந்துவிட்டார். "அத மட்டும் மறக்கப்படாது மதினி" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து நானே மடக்கிக் காட்டினேன். கை முழுக்கச் சுட்ட தழும்பு.

அக்டோபர் 18, சனி

பெர்சிஸுக்கு ஏழு முடிந்துவிட்டது. இன்று அவள் மாமியார் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், நாற்பது பேருக்கு வடை. பகல் மூன்று மணிக்கு ஜோயல் போன் செய்தார்.

"அத்தை, பெர்சிஸ் விழுந்துட்டா."

எனக்குக் காது அடைத்துவிட்டது. வாத்தியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கையப் பாருங்க மாப்ள. கட்டவெரலப் பாருங்க."

ஓடும் சத்தம் கேட்டது. யாரோ தண்ணீர் தண்ணீர் என்றார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். துவைகல்லும் குடமும் கண்ணுக்குள் வந்துவிட்டன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாத்தியார் பிறகு சொன்னார், அரை நிமிஷம்கூட இல்லையாம்.

"அத்தை" என்றார் ஜோயல், ரகசியமாக. "சோபாவுலதான் விழுந்திருக்கா. வெரல் ரெண்டு கையிலயும் மடக்கித்தான் இருக்கு. ஒரு கண்ண லேசாத் தொறந்து என்னப் பாக்குறா."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

"அத்தை, இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"'மோசமா இருக்கே, மூணு நாளைக்கு அசையப்படாது'ன்னு சத்தமாச் சொல்லுங்க. சொல்லிட்டுப் போய் வடையச் சுடுங்க மாப்ள."

மாத்திரை போட்டாயிற்று. மயக்கம் இல்லை.